நாற்பத்தெட்டாவது வளைவு

செப்டம்பர் 20, வெள்ளி

வண்டிக்குப் புது டீசல் மூடி வாங்கினேன். சாவி போட்டுப் பூட்டுகிற மூடி. பழைய மூடியின் மரை தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சாவியை நானே வைத்துக்கொள்வதாக மாப்பிள்ளையிடம் சொன்னேன். டீசலையும் காலையில் நானே ஊற்றி வைத்துவிடுகிறேன், உங்களுக்கு எதற்கு அந்த அலைச்சல் என்றேன். பூபதி மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிங்க மாமா" என்றார். தங்கமான பிள்ளை. சுகந்தியைக் கட்டிக் கொடுத்த இந்த மூன்று வருஷத்தில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

வண்டி என்னுடையது. ஓய்வு பெற்றபோது வாங்கிய பழைய பிக்கப். ஓட்டுவது அவர். சேந்தமங்கலத்தில் முட்டை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைமேல் செம்மேட்டுக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். எழுபது கொண்டை ஊசி வளைவு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று நான் மனதில் ஒன்று வைத்திருக்கிறேன். வண்டி அதற்கு வருவதில்லை. அதற்கும் மூடிக்கும் சம்பந்தம் இல்லை.

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். கண்டக்டர் நிற்கிற தோரணையை வைத்தே பையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மாப்பிள்ளையை அப்படிப் பார்க்கக் கூடாது. மரியாதை இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வண்டியை மாப்பிள்ளை கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார். வாழைக்கன்று, மாலை, பூசணிக்காய் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. பொட்டு வைக்கிற வேலையை மட்டும் நான் யாருக்கும் விடுவதில்லை. ஸ்டியரிங், நான்கு டயர், ஹெட்லைட், கண்ணாடி என்று வரிசையாக வைத்துவிட்டுப் புது மூடிக்கு வந்தேன். சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஊசி முனையளவு ஒரு ஓட்டை இருக்கிறது. பொட்டு வைக்க கம்பெனிக்காரனே இடம் குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அதன்மேல் கட்டைவிரலால் அழுத்திச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். வண்டியிலேயே அதுதான் எடுப்பாக இருந்தது.

"டீசல் மூடிக்கு இத்தன பெரிய பொட்டா?" என்று லோகாம்பாள் சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷமாக நான் எது செய்தாலும் அவளுக்குச் சிரிப்புதான்.

அக்டோபர் 14, திங்கள்

காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை போன். வண்டி மலையில் நின்றுவிட்டதாம். நாற்பதாவது வளைவு தாண்டியதுமே இழுவை குறைய ஆரம்பித்து, மூன்றாம் கியர் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, நாற்பத்தெட்டாவது வளைவில் போர்டுக்கு நேராக உட்கார்ந்துவிட்டதாம்.

"யாரோ பின்னாலிருந்து புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குதுங்க மாமா" என்றார்.

இருபது நிமிஷம் கழித்துத் தானாகவே கிளம்பியிருக்கிறது. யாரும் ஒன்றும் செய்யவில்லையாம். நின்றதற்கும் காரணம் இல்லை, கிளம்பியதற்கும் காரணம் இல்லை. ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள் இப்படி. யார் கண் பட்டதோ.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையில் டீசல் ஊற்ற மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. இந்தக் காலத்து டீசலில் எதைத்தான் கலக்கிறார்களோ.

காசிம் பாய் பட்டறையில் பாதி நாள் போனது. டீசல் பில்டரைக் கழற்றி, ஊதிப் பார்த்து, முகம் சுளித்து, புதிது மாட்டினார். இனி பறக்கும் என்றார்.

அக்டோபர் 17, வியாழன்

பறக்கவில்லை. அதே வளைவில் நின்றது.

அக்டோபர் 18, வெள்ளி

பாய் ஏர் பில்டரையும் மாற்றிவிட்டார். அங்கே இருந்த நான்கு பேர் நான்கு காரணம் சொன்னார்கள். ஒருத்தர் கிளச் என்றார், ஒருத்தர் பம்ப் என்றார். டீ குடிக்க வந்தவர் ஒருத்தர் வண்டியின் நம்பரைக் கூட்டிப் பார்த்துவிட்டு எட்டு வருகிறது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் வண்டிக்குச் சூடம் காட்டி, மூடிக்குப் பழைய சந்தனத்தின்மேலேயே புதிதாக ஒரு உருண்டை அப்பினேன். மற்ற இடத்துப் பொட்டெல்லாம் மழையில் போய்விட்டது. மூடியில் மட்டும் டீசல் பிசுக்கோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவாவது நிற்கிறதே.

அக்டோபர் 19, சனி

இன்று நானே கூடப் போனேன். சோதனை என்று சொல்லவில்லை. மலைக்காற்று வாங்க வேண்டும்போல் இருக்கிறது என்றேன்.

வேலையில் இருந்த காலத்துப் பழக்கம், எதையும் முறையாகச் செய்ய வேண்டும். ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டு எடுத்துக்கொண்டேன். அடிவாரம் காரவள்ளியில் நிறுத்தச் சொல்லி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டு டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் குறித்தேன். இருபதாவது வளைவில் ஒரு முறை, நாற்பதில் ஒரு முறை, அறுபதில் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் புஸ் என்றது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வண்டி எங்கும் நிற்கவில்லை. நாற்பத்தெட்டாவது வளைவைக் கண்டுகொள்ளவே இல்லை. செம்மேட்டில் ஏழே முக்காலுக்கு முட்டை இறக்கினோம்.

"பாத்தீங்களா மாப்ள" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

மாப்பிள்ளை தனியாகப் போனார். நின்றது. நாற்பத்தெட்டு.

அக்டோபர் 22, செவ்வாய்

டேங்கையே இறக்கிக் கழுவியாகிவிட்டது. உள்ளே துருவும் இல்லை, தூசியும் இல்லை. பட்டறை மண்ணில் வைத்தால் கெட்டுவிடும் என்று மூடியை நான்தான் வேலை முடிகிறவரை கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

காசிம் பாய் எரிச்சலில் இருந்தார். அவர் பட்டறைக்கு வந்த வண்டி திரும்பத் திரும்ப வருவது அவருக்கு அவமானம். லோடு எவ்வளவு, எத்தனை தூரம், டீசல் எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டார். சொன்னேன். எழுபது வளைவு லோடோடு ஏறுகிற வண்டி அவ்வளவுதான் கொடுக்கும், தரையில் ஓடுகிற மாதிரி எதிர்பார்க்கக் கூடாது என்றார். அதை நான் அவரிடம் கேட்கவே இல்லை. மாப்பிள்ளை அப்போது பக்கத்தில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 24, வியாழன்

மழை. நாற்பத்தெட்டில் நின்ற வண்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பியது. பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட வண்டியைத் தள்ளியபோது முட்டை அட்டைகள் சரிந்து உடைந்திருக்கின்றன. செம்மேட்டில் பெரிய கடைக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளிடம் வாங்கிவிட்டார். இப்படியே போனால் நாங்கள் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம்.

சட்டையெல்லாம் மஞ்சள் கருவோடு வந்து நின்றார் மாப்பிள்ளை. லோகாம்பாள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் மீதி டீசலை அளக்கப் போனேன். போயிருக்க வேண்டாம்.

அக்டோபர் 25, வெள்ளி

மறுபடியும் கூடப் போனேன். அதே குச்சி, அதே நான்கு இடம். வெண்ணெய் மாதிரி ஏறியது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு வாரமாக ஊரில் பார்க்கிறவனெல்லாம் வண்டி ஏறியதா என்று நலம் விசாரிக்கிறான். இறங்கி வரும்போது சொல்லிவிட்டேன்.

"நான் ஏறினா ஏறுது. நீங்க தனியாப் போனா மட்டும் நிக்குது. அது எப்படி மாப்ள?"

அவர் அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "பூச வெக்கோணும்னு சொன்னீங்களே மாமா, நேரமாயிருச்சு" என்றார். சூடம் காட்டி, மூடிக்குச் சந்தனம் வைத்தேன். இந்த வாரம் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

கேட்டதில் தப்பு என்ன? வண்டியைப் பற்றித்தானே கேட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

சுகந்தி வந்தாள். அடுத்த தெருதான், தினமும் வருகிறவள். இன்று உட்காரவில்லை. ஓசூரில் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை பார்த்து வைத்திருக்கிறாராம். நவம்பர் நாலாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். வீடும் பார்த்தாகிவிட்டதாம்.

என்னம்மா திடீரென்று என்றேன்.

"திடீர்னு இல்லப்பா. நீங்க மூடி வாங்குன நாளிலிருந்தே அவரு சரியாச் சாப்பிடறதில்ல" என்றாள்.

மூடிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். லோகாம்பாள் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். சுகந்தி போனபிறகு அடுப்படியிலிருந்து வெகுநேரம் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒரே பெண். அடுத்த தெருவில் இருக்கட்டும் என்றுதான் இந்த வண்டியையே வாங்கினேன்.

அக்டோபர் 28, திங்கள்

வண்டி நின்றது. எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளி லோடு. வழக்கத்தைவிட அதிகம். இதுவும் கெட்டால் செம்மேட்டில் ஒரு கடைகூட மிஞ்சாது. கூட வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். சரிங்க மாமா என்றார்.

அவசரத்தில் மூக்குக் கண்ணாடிக் கூட்டை ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூடிச் சாவி அதற்குள்தான் இருக்கும். காரவள்ளியில் குச்சியோடு இறங்கியபிறகுதான் தெரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. குச்சியால் டயரை நான்கு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டேன். மாப்பிள்ளை திரும்பி ஒரு தடவை பார்த்தார். இருபதில் நிறுத்தட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். நாற்பதிலும் கேட்டார், வேண்டாம் என்றேன்.

நாற்பத்தொன்றில் சத்தம் மாறியது. முதலில் நான் நம்பவில்லை. மாப்பிள்ளையின் கால் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்தக் காலைத்தான். வண்டி மூச்சிரைத்து, ஊர்ந்து, நாற்பத்தெட்டாவது போர்டுக்கு நேராக நின்றது.

அவர் கல்லெடுத்து டயருக்கு அண்டக் கொடுத்தார். பார்த்தீர்களா மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

காசிம் பாய்க்குப் போன் செய்தேன். நான் வந்தும் நின்றுவிட்டது என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, முன்னால் ஏறிய இரண்டு நாளும் வழியில் நான் என்ன செய்தேன் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, அங்கங்கே மூடியைத் திறந்து டீசல் அளந்தேன், அவ்வளவுதான் என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "மூடியத் தொறங்க சார்."

சாவி வீட்டில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். மாப்பிள்ளை வீல் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி டேங்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"ஒடைக்கட்டுங்களா மாமா?"

தலையை ஆட்டினேன். இரண்டே அடி. பூட்டு தெறித்ததும் காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே போனது. இத்தனை நாள் வெளியே வருகிறது என்று நான் நினைத்த காற்று. உள்ளே ஒட்டிப்போயிருந்த டேங்க் டொம்மென்று பழைய வடிவத்துக்கு வந்தது. ஸ்டார்ட் செய்ததும் வண்டி கிளம்பிவிட்டது.

உடைந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மைல்கல் மேல் உட்கார்ந்தேன். சந்தனம் அரை விரல் கனத்துக்குக் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. சட்டையிலிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன். அடியில் அந்த ஊசி முனையளவு ஓட்டை. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக, வண்டி மூச்சு விடுவதற்காகக் கம்பெனிக்காரன் வைத்த ஓட்டை. அதை அடைத்தவன் நான், வெள்ளிக்கிழமை தவறாமல் அடைத்தவன் நான். கூடப் போய் மூடியைத் திறந்து திறந்து வண்டிக்கு மூச்சுக் கொடுத்துவிட்டு, நான் வந்தால் ஏறுகிறதே என்று அந்த மனுஷனைக் கேட்டவனும் நான்தான்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா மாப்ள?"

"போன வாரமே மூடி மேல ஒரு ரோசனை வந்துதுங்க. தொறந்து பாத்தாத் தெரிஞ்சுரும்."

"அப்பறம் ஏன் சாவியக் கேக்கல?"

அவர் கீழே தெரிந்த ஊர்களைப் பார்த்தார். "சாவியக் கேட்டா நீங்க என்ன நெனப்பீங்க மாமா?" என்றார்.

எத்தனையோ கண்டக்டர்களை நடுரோட்டில் இறக்கி நிற்க வைத்திருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்ப்பார்கள். இன்று நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன்" என்றேன். அந்த வார்த்தையை இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை.

"மூடி வாங்குன அன்னைக்கே தெரியுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு ஒரு துணியைச் சுருட்டி டேங்க் வாயில் தொளதொளவென்று செருகிவிட்டு ஏறி உட்கார்ந்தார். முட்டை நேரத்துக்குப் போய்விட்டது. ஓசூரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். சாதா மூடி ஒன்று வாங்கி வைத்திருந்தேன், பூட்டு இல்லாதது. வேட்டி சட்டைத் தட்டில் வைத்துக் கொடுக்க நினைத்து, அது கேலி மாதிரி ஆகிவிடும் என்று தனியாகக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

சாப்பிடும்போது லோகாம்பாள் கேட்டாள், கடைசியில் வண்டிக்கு என்னதான் ஆச்சு என்று. கையில் எடுத்த அதிரசத்தை இலையிலேயே வைத்துவிட்டேன்.

"காத்து போற வழி அடைச்சிருந்துதுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. "மாமாதான் கண்டுபுடிச்சாரு."

லோகாம்பாள் என் முகத்தைப் பார்த்தாள். சுகந்தி தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து கொல்லைப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டேன். என் வீட்டில், என் பெண்டாட்டி முன்னால், என்னை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றினார் அவர். நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன்.

போகும்போது வாசலில் நிறுத்திச் சொன்னேன். இதையும் எழுதி வைக்கிறேன், பிறகு சொல்லவில்லை என்று நானே சாதிக்கக் கூடாது. "போகாதீங்க மாப்ள" என்றேன். யோசிச்சுச் சொல்றனுங்க மாமா என்றார்.

நவம்பர் 3, ஞாயிறு

இன்றும் ஒன்றும் சொல்லவில்லை. சுகந்தி வரவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு அட்டைப் பெட்டி இருந்ததாக லோகாம்பாள் சொன்னாள். பழைய சாமான் போடவும் இருக்கலாம்.

நவம்பர் 4, திங்கள்

நாலரைக்கே எழுந்துவிட்டேன். ஓசூர் போக முதல் பஸ் ஐந்தரைக்கு. முப்பத்தொரு வருஷம் அந்த நேரங்களோடுதான் வாழ்ந்தேன், மறக்காது. லோகாம்பாள் காபி கொடுத்தாள். ஆறிப்போனது.

ஐந்து பத்துக்கு அடுத்த தெருவில் வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகவும் அதே வண்டிதான். எழுந்து போய்ப் பார்க்கலாம். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. போகவில்லை. இனி நான் எதையும் சோதிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு கஷ்டமான வேலையை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை.

ஐந்தரை ஆனது. ஆறு. ஏழு.

ஏழு நாற்பதுக்குப் போன் வந்தது.

"செம்மேடு வந்துட்டனுங்க மாமா. நடுவுல எங்கயும் நிக்கல."

போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டு, "ஓசூரு?" என்றேன்.

"அடுத்த லோடு வியாழக்கிழமைங்க மாமா. முட்டை கூடுதலாச் சொல்லி வெச்சுருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. பழைய பழக்கத்தில் எழுந்து மூலையில் குச்சியைத் தேடினேன். காணவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, அவரைக்கொடிக்கு ஊன்றிவிட்டேன் என்றாள் லோகாம்பாள். பார்த்தேன். கொடி அதற்குள் முதல் கோட்டைத் தாண்டிப் படர்ந்திருந்தது. சரி, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்கு இலை போடச் சொன்னேன்.